இறங்கி ஏறுகிறவரும், நாற்காலியோடு ஏறுகிறவரும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

கார் கடன் கேட்டு வருகிறவர்களிடம் வங்கியில் நாங்கள் கேட்கிற கேள்விகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். வருமானம் எவ்வளவு, கையிலிருந்து எவ்வளவு போடுவீர்கள், ஜாமீன் யார், எத்தனை மாதத் தவணை. "வண்டிக்குள் எப்படி ஏறுவீர்கள்?" என்று கேட்பதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. ஆனால் பேட்டரி வீல்சேரில் இருக்கும் ஒருவர், தானே வண்டி ஓட்ட வேண்டும் என்று நினைத்தால், மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் வந்து நிற்பது இதுதான். நாற்காலியை விட்டு இறங்கி டிரைவர் சீட்டில் உட்காரப் போகிறாரா? அல்லது நாற்காலியோடு ஏறி, அதில் உட்கார்ந்தபடியே ஓட்டப் போகிறாரா?

டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கிற இரண்டு நண்பர் குடும்பங்கள் "ஊருக்குத் திரும்பினால் பையனுக்கு என்ன வண்டி கிடைக்கும்?" என்று கேட்டிருந்தார்கள். நான் இருக்கும் ஹட் பேயிலும் அதே கேள்வி என் மேசைக்கு வந்தது. நான் பி.காம். படித்தவன். பற்று வரவு தெரியும், பல்சக்கரம் தெரியாது :-) அதனால் வரலாற்றைத் தோண்ட ஆரம்பித்தேன். தோண்டத் தோண்ட ஒன்று தெளிவானது. இந்த வண்டிகளின் வரலாறு ஒன்றல்ல, இரண்டு. நம் நாட்டுக்கு அதில் ஒன்றுதான் வந்து சேர்ந்தது.

முதல் வரிசை: கையால் ஓட்டியவர்கள்

1655-ல் ஜெர்மனியில் நூரம்பர்க் பக்கத்தில் ஸ்டீபன் ஃபார்ஃப்ளர் என்ற கடிகாரத் தொழிலாளி இருந்தார். கால்கள் செயலிழந்தவர். வயது 22. கடிகாரத்துக்குப் பல்சக்கரம் செய்து பழகிய கை அல்லவா, மூன்று சக்கரம் வைத்து, கைப்பிடியைச் சுற்றினால் முன்சக்கரம் உருளும்படி தனக்கென்று ஒரு வண்டி செய்துகொண்டார். தானே இயக்கிக்கொள்ளும் சக்கர நாற்காலி என்று பதிவானவற்றில் முதலாவது அதுதான் என்பார்கள். நம் ஊர்க் கடைத்தெருவில் கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர சைக்கிள் பார்த்திருக்கிறோமே, அதற்கு முப்பாட்டன் அது.

மோட்டார் வந்த பிறகு இந்த வரிசையின் பிரபலமான ஆள் அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1921-ல் அவருக்கு இளம்பிள்ளை வாதம் வந்து கால்கள் போயின. தோளும் கையும் பலமாகவே இருந்தன. 1936-ம் வருட ஃபோர்டு ஃபீட்டன் கார் ஒன்றில் கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் எல்லாவற்றையும் கையால் இயக்கும்படி கம்பிகள் பொருத்தி, ஹைட் பார்க்கில் தன் தோட்டத்துச் சாலைகளில் தானே ஓட்டினார். அந்தக் கார் இன்றும் அங்கே காட்சிக்கு இருக்கிறது.

அடுத்த பெரிய மாற்றம் ஊனமுற்றவர்களை நினைத்துச் செய்யப்பட்டதே இல்லை. ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனி 1940-ம் வருட மாடலில் ஹைட்ராமேட்டிக் என்ற தானியங்கி கியரைக் கொண்டுவந்தது. கிளட்ச் மிதிப்பது நின்றது. இரண்டாம் உலகப் போரில் கால் இழந்து திரும்பியவர்களுக்கு அது பெரிய வரமாகிவிட்டது. 1946-ல் அமெரிக்க அரசு, கால் இழந்த படைவீரர்களுக்குக் கார் வாங்க 1,600 டாலர் வரை தரச் சட்டம் போட்டது.

இந்த வரிசையில் உள்ள எல்லோருக்கும் பொதுவான ஒன்று உண்டு. கால் இல்லை, கை உண்டு. நாற்காலியிலிருந்து கார் சீட்டுக்குத் தாவ முடியும். வண்டியின் உடம்பை வெட்ட வேண்டியதில்லை, ஒரு கம்பி பொருத்தினால் போதும்.

வெளிர்நீல வண்டி

லண்டனில் 70-களில் வாழ்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். வெளிர்நீல நிறத்தில் மூன்று சக்கரம் வைத்த குட்டி வண்டி. இன்வாகார் என்று பெயர். எசெக்ஸில் பெர்ட் கிரீவ்ஸ் என்ற எஞ்சினியர், நடக்க முடியாத தன் உறவினர் டெர்ரி பிரெஸ்டன்-காப் என்பவருக்காக ஒரு மோட்டார் சைக்கிளை மாற்றியமைத்ததில் தொடங்கியது அந்தக் கம்பெனி. போரில் காயம்பட்டவர்களுக்கு அரசாங்கமே இப்படி வண்டி கொடுத்தது. 1948-ல் தேசிய சுகாதார சேவை தொடங்கிய பிறகு மற்றவர்களுக்கும் கிடைத்தது. இலவசம், பராமரிப்பும் அரசாங்கம்.

ஆனால் அதில் ஒரே ஒரு சீட். பக்கத்தில் யாரும் உட்கார முடியாது. மனைவி பஸ்ஸில் வர, கணவர் இதில் போக வேண்டும். ஒரு தாய் தன் குழந்தையை ஏற்றிக்கொள்ள முடியாது. வழியில் பழுதானால் உதவிக்கு ஆள் இல்லை. பாதுகாப்பைப் பற்றியும் புகார்கள் குவிந்தன. கொடுத்த வண்டியை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்காமல், ஊனமுற்ற ஓட்டுநர்களே சங்கம் வைத்துப் போராடினார்கள். 1976-ல் வண்டிக்குப் பதிலாகப் பணமாகவே தரும் போக்குவரத்து உதவித்தொகை தொடங்கியது. 1977-ல் மோட்டபிலிட்டி அமைப்பு வந்தது. உதவித்தொகையை அந்த அமைப்புக்குத் திருப்பிவிட்டால் குடும்பமே போகிற கார் குத்தகைக்குக் கிடைக்கும். மிச்சமிருந்த நீல வண்டிகள் 2003 மார்ச் 31-ஓடு சாலையிலிருந்து அகற்றப்பட்டன.

வங்கிக்காரன் கண்ணுக்கு இதில் ஒரு விஷயம் பட்டது. அரசாங்கம் பொருளாகக் கொடுத்தவரை வண்டியின் வடிவத்தை அரசாங்கம் முடிவு செய்தது. பணமாகக் கொடுத்தபோது குடும்பம் முடிவு செய்தது.

இரண்டாம் வரிசை: நாற்காலியோடு ஏறியவர்கள்

இனி அடுத்த கதை. இதில் கையும் பலவீனம்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு கழுத்தெலும்பு முறிந்து நான்கு அங்கமும் செயலிழந்தவர்கள் அதிக காலம் உயிரோடு இருந்ததில்லை. போருக்குப் பிறகு மருத்துவம் முன்னேறி அவர்கள் வாழத் தொடங்கினார்கள். ஆனால் கையால் சக்கரத்தைத் தள்ள முடியாது. அவர்களுக்காகக் கனடாவில் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் ஜார்ஜ் க்ளைன் 1950-களின் தொடக்கத்தில் மின்சாரச் சக்கர நாற்காலியை வடிவமைத்தார். 1956-ல் அமெரிக்காவின் எவரெஸ்ட் அண்ட் ஜென்னிங்ஸ் கம்பெனி மின் நாற்காலிகளை விற்கத் தொடங்கியது. டொராண்டோ நண்பர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம், உங்கள் நாட்டுச் சரக்குதான் :-)

நாற்காலிக்கு மோட்டார் வந்தது, சரி. ஆனால் கூடவே எடையும் வந்தது. பேட்டரி, மோட்டார், சாயும் முதுகு எல்லாம் சேர்ந்தால் நல்ல மின் நாற்காலி 100 கிலோவைத் தொடும், பல அதைத் தாண்டும். மடித்து டிக்கியில் வைக்கிற விவகாரம் அல்ல. உட்காருகிறவரும் சீட்டுக்குத் தாவ முடியாதவர். ஆக, நாற்காலி முழுசாக வண்டிக்குள் போகவேண்டும்.

இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் வினமாக் என்ற சிற்றூரைச் சேர்ந்த ரால்ஃப் பிரான். 1940-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே தசைச் சிதைவு நோய். 1963-ல் தனக்கென்று பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர ஸ்கூட்டர் செய்தார். அதிலேயே வேலைக்குப் போனார். தொழிற்சாலை தூரமாக இடம் மாறியது. வேலையை விட மனமில்லை. 1966-ல் தபால்காரர்கள் ஓட்டிய பழைய ஜீப் ஒன்றை வாங்கி, பின்னால் தூக்கும் மேடையும், கையால் ஓட்டும் கருவிகளும் பொருத்திக்கொண்டார். 1970-ல் டாட்ஜ் வேனுக்கு ஏற்ற லிஃப்ட் செய்தார். கேள்விப்பட்டவர்கள் "எனக்கும் ஒன்று" என்று வர, 1972-ல் வேலையை விட்டுக் கம்பெனியே தொடங்கிவிட்டார்.

உயரமான வேனுக்கு லிஃப்ட் என்பதோடு நின்றிருந்தால் பெரிய வண்டி வைத்துக் கட்டுப்படியாகிறவருக்கு மட்டுமே அது பயன்பட்டிருக்கும். 1983 கடைசியில் க்ரைஸ்லர் கம்பெனி மினிவேன் கொண்டுவந்தது. அது முன்சக்கர இயக்கம். அதாவது எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற நீளமான தண்டு வண்டியின் அடியில் கிடையாது. தண்டு இல்லையென்றால் தரையை வெட்டித் தாழ்த்தலாம். தரை தாழ்ந்தால் உள்ளே தலைக்கு இடம் கிடைக்கும், வாசலில் சாய்தளமும் குட்டையாகும். 1991-ல் பிரான் கம்பெனி தரை தாழ்த்திய மினிவேனை வெளியிட்டது. இன்று கனடாவிலும் அமெரிக்காவிலும் நீங்கள் பார்க்கிற வீல்சேர் வேன்களின் அடிப்படை இதுதான். 2013-ல் அவர் இறந்தார்.

தரை விஷயத்தைக் கணக்காகவே பார்த்துவிடுவோம். கட்டடத்தில் சாய்தளத்துக்கு 1:12 என்பது வழக்கமான விகிதம். வண்டியின் தரை 60 செ.மீ. உயரத்தில் இருந்தால் அந்த விகிதத்துக்கு 7.2 மீட்டர் நீளப் பலகை வேண்டும். தெருவையே அடைத்துவிடும். வண்டிகளில் 1:4 வரை செங்குத்தாக வைக்கிறார்கள். அப்படியும் 2.4 மீட்டர். தரையை 30 செ.மீ.க்குத் தாழ்த்தினால் 1.2 மீட்டர் போதும். பையனின் சுதந்திரம் இந்த 30 செ.மீ.யில் இருக்கிறது.

கைப்பலம் மிகவும் குறைந்தவர்களுக்கு ஸ்டியரிங்கே இல்லாமல் ஜாய்ஸ்டிக்கால் ஓட்டும் கருவிகளும் வந்தன. ஜெர்மனியின் பாராவன் கம்பெனி அதில் பெயர் பெற்றது. இன்னொரு பக்கம் ஹங்கேரியில் கெங்குரு என்றொரு சின்ன மின்சார வண்டி செய்தார்கள். பின்கதவு திறந்து நாற்காலியோடு உள்ளே உருண்டு, அப்படியே ஓட்டலாம். யோசனை அருமை. ஆனால் மறுபடியும் ஒற்றை ஆள் வண்டி! நீல வண்டி சொன்ன பாடம் அவ்வளவு சீக்கிரம் யாருக்கும் மனப்பாடம் ஆவதில்லை.

நம் நாட்டுக்கு வந்தது எது?

1930-ல் பிரிட்டனில் போட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 'இன்வேலிட் கேரேஜ்' என்று ஒரு வகை இருந்தது. அந்த விளக்கம் 1939 இந்திய மோட்டார் வாகனச் சட்டத்துக்கு வந்தது. 1988 சட்டத்திலும் தொடர்ந்தது. வங்கியில் செல்லாத காசோலைக்கு நாங்கள் சொல்கிற வார்த்தையும் இன்வேலிட்தான். அதை விடுங்கள். விளக்கத்தின் உள்ளே இருந்த ஒரு நிபந்தனைதான் முக்கியம். உடல் குறைபாடு உள்ளவருக்கென்றே விசேஷமாக வடிவமைத்துக் கட்டிய வண்டியாக இருக்க வேண்டும், சும்மா மாற்றியமைத்ததாக இருக்கக் கூடாது என்றது சட்டம்.

பிரிட்டனில் அதற்குப் பொருள் இருந்தது. நீல வண்டியைத் தொழிற்சாலையில் கட்டினார்கள். நம் நாட்டில் அப்படி யார் கட்டினார்கள்? நம் ஆட்கள் செய்தது எல்லாமே மாற்றியமைத்ததுதான். ஸ்கூட்டருக்கு இரண்டு பக்கமும் சக்கரம் வைத்தது. கியர் மாற்ற வேண்டாத கைனடிக் ஹோண்டா 1984-ல் வந்த பிறகு சைடு வீல் வைத்த வண்டி ஊரெல்லாம் ஓடியது. வெல்டிங் பட்டறை வைத்திருந்த அண்ணன்கள்தான் நம் பெர்ட் கிரீவ்ஸ்கள். பிறகு தமிழ்நாட்டு அரசே இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. கார் பக்கம், 1983-ல் வந்த மாருதி 800-ல் கைக்கம்பி பொருத்தி ஓட்டியவர்கள் உண்டு. 2014-ல் குறைந்த விலை ஏ.எம்.டி. கியரோடு செலேரியோ வந்ததும் கிளட்ச் பிரச்சினையும் பெருமளவு தீர்ந்தது.

இவை எல்லாம் முதல் வரிசை. ரூஸ்வெல்ட் வரிசை. காரணம் எளிது. நம் நாட்டில் வண்டி கேட்டு நின்ற தலைமுறை போலியோ தலைமுறை. கால் சூம்பியிருக்கும், கை இரும்பு மாதிரி இருக்கும். சைடு வீல் வண்டியில் அவர்கள் தாவி ஏறுகிற வேகத்தைப் பார்த்தாலே தெரியும். இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 2011 ஜனவரியில். 2014 மார்ச் 27-ல் நம் பகுதி போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. அந்தத் தலைமுறை நடுவயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. இப்போது வண்டி கேட்கிற இளைஞர்களில் விபத்தில் கழுத்து, முதுகுத்தண்டு அடிபட்டவர்களும் தசைச் சிதைவு நோயாளிகளும் அதிகம் இருப்பார்கள்.

இவர்களுக்கும் இங்கே முன்னோடிகள் உண்டு. வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். நாற்காலியில் உட்கார்ந்தே அறுவைச் சிகிச்சை செய்தார். 1966-ல் அவர் முயற்சியில் வேலூரில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. 1975-ல் கடற்படைத் தேர்வின்போது அடிபட்டு கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பிழைக்க வைப்பதும் படிக்க வைப்பதும் நம்மால் முடிந்திருக்கிறது. வண்டி மட்டும் பின்தங்கிவிட்டது.

சட்டம் 80 வருஷம் கழித்து மாறியது. 2019 திருத்தச் சட்டம் இன்வேலிட் கேரேஜை எடுத்துவிட்டு 'மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' என்ற சொல்லைக் கொண்டுவந்தது. தொழிற்சாலையில் கட்டியதும் சேரும், பிறகு மாற்றியதும் சேரும். 2020 அக்டோபரில் பதிவுப் படிவத்தில் உரிமையாளர் மாற்றுத்திறனாளி என்று குறிக்கவும் வழி வந்தது. 2023 டிசம்பரில் கேரளத்தின் ஜிலுமோள், இரண்டு கைகளும் இல்லாதவர், காலாலும் குரலாலும் இயக்கும்படி மாற்றிய செலேரியோவுக்கு லைசென்ஸ் வாங்கினார். ஐந்து வருஷம் போல விடாமல் கேட்டு வாங்கினார்.

நாலு மீட்டர் கதை

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். வரி.

2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது கார்களுக்கு 28 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும். ஊனமுற்றவருக்கு மட்டும் 18 சதவீதம். நிபந்தனை: பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், நீளம் 4 மீட்டருக்குள். இந்த அளவை எழுதியவர் மனதில் இருந்தவர் யார் என்று யோசியுங்கள். சின்னக் காருக்குள் தாவி ஏறக்கூடியவர். 4 மீட்டர் காரில் 100 கிலோ நாற்காலியோடு ஒருவர் ஏறி, டிரைவர் இடத்தில் போய் நிற்க முடியாது. ஆக, சலுகை முதல் வரிசைக்கு மட்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்கள் எல்லோருக்குமே 18 சதவீதம் ஆயின. எல்லோருக்கும் அதே விலை என்றால் அது சலுகை இல்லையே. பெரிய கார்களுக்கு 40 சதவீதம். நாற்காலியோடு ஏற வேண்டியவருக்குத் தேவை பெரிய வண்டி. உடம்பு அதிகம் முடியாதவருக்கு வரியும் அதிகம் என்று கணக்கு வந்து நிற்கிறது.

"மின்சாரக் காருக்கு 5 சதவீதம்தானே?" என்று கேட்பீர்கள். உண்மை. ஆனால் பெரும்பாலான மின்சாரக் கார்களில் பேட்டரி தரைக்கு அடியில்தான் பரப்பி வைத்திருக்கிறது. அங்கே வெட்ட முடியாது. "ஈகோ வேன்?" அதில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில், பின்சக்கர இயக்கம். டிரைவர் இடத்தில் நாற்காலிக்கு வழியே இல்லை. கார்னிவல் மாதிரி முன்சக்கர இயக்கமும் சறுக்குக் கதவும் உள்ள வண்டி 5 மீட்டருக்கு மேல். விலையை விசாரித்துவிட்டுத் தண்ணீர் குடியுங்கள்.

ஹட் பேயில்

லிட்டில் அந்தமான் தீவின் துறைமுகம் ஹட் பே. போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தெற்கே சுமார் 120 கி.மீ. கடல். துறையிலிருந்து கிழக்குக் கரையோடு வடக்கே போகிற ஒரு சாலைதான் எங்களுக்கு மவுண்ட் ரோடு. வங்காளிகள், நிக்கோபாரிகள், நம் தமிழர்கள் என்று எல்லோரும் உண்டு.

அந்தச் சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற தமிழ் இளைஞர் ஒருவர். வயது 28. பாக்கு மரத்திலிருந்து விழுந்து கழுத்தில் அடி. தோளும் முழங்கையும் வேலை செய்யும், மணிக்கட்டு எழும், விரல் பிடிக்காது. பேட்டரி நாற்காலியின் ஜாய்ஸ்டிக்கை உள்ளங்கை ஓரத்தால் தள்ளுகிறார். வீட்டிலிருந்து கடை 4 கி.மீ. மழை இல்லாத நாளில் நாற்காலியிலேயே சாலையோரமாக 40 நிமிஷத்தில் வந்துவிடுவார். மழை இங்கே வருஷத்தில் பாதி நாள்.

அவர் அப்பா மெயின்லேண்டிலிருந்து ஒரு கொட்டேஷன் வாங்கி வந்தார். சின்ன ஆட்டோமேட்டிக் கார், கைக்கருவி பொருத்தித் தருவார்கள். காகிதங்கள் சுத்தம். கடன் கொடுக்கத் தடையேதும் இல்லை. நான் டேப் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் உட்கார்ந்த நிலையில் தரையிலிருந்து உச்சந்தலை வரை 138 செ.மீ. நாற்காலி 110 கிலோ.

"தம்பி, உங்களை யார் தூக்கி சீட்ல வைப்பாங்க?"

"அப்பாவும் பக்கத்து வீட்டு அண்ணனும் சார்."

"கடையில இறக்குறது?"

பதில் இல்லை. இறக்க ஆள் கிடைத்தாலும் நாற்காலி வீட்டில் இருக்கும். கார் கடைக்கு வந்து சேரும், அவர் அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். பிடிக்காத விரலுக்குக் கைக்கருவி சரிப்படுமா என்று எந்த மருத்துவரும் பார்க்கவும் இல்லை. உயரக் கூரை வேனில் லிஃப்ட் வைத்தால் நாற்காலியோடு ஏறலாம், ஆனால் அப்பா ஓட்ட, இவர் பின்னால். அதைச் சொன்னதும், "பாசஞ்சரா போறதுக்கு நான் கேக்கல சார்" என்றார்.

இப்போதைக்குக் கார் வாங்கவில்லை. வைத்திருந்த முன்பணம் டெபாசிட்டில் இருக்கிறது. வேலூருக்குப் போய் ஓட்டும் திறனைப் பரிசோதித்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு. அவர் அப்பாவுக்கு மனசில்லை. "டெபாசிட் போட்டா மழையில அவன் கடைக்குப் போவானா சார்?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கு என் கவுன்டரில் விடை இல்லை.

எந்த வரிசையில் கேட்பது?

வரலாறு சொல்வதைச் சுருக்கினால் இப்படி வருகிறது.

1. முதலில் ஆள். இன்று தாவி ஏற முடிகிறதா, ஐந்து வருஷம் கழித்தும் முடியுமா? தசைச் சிதைவு போன்ற நோயில் இரண்டாவது கேள்விதான் முக்கியம். கைப்பலத்தையும் பிடிப்பையும் மறுவாழ்வு மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கைப்பலம் உள்ளவர் என்றால் ஐ.ஐ.டி. மெட்ராஸில் பிறந்த நியோபோல்ட் மாதிரி, நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொண்டு மணிக்கு 25 கி.மீ. வரை போகிற கருவியே போதுமா என்றும் பாருங்கள். 2021 முதல் இருக்கிறது.

2. பிறகு நாற்காலி. உட்கார்ந்த உயரம், அகலம், எடை. வண்டிக்குள் அதிலேயே உட்காருவதென்றால் அது மோதல் சோதனை கண்ட நாற்காலியா? ஐ.எஸ்.ஓ. 7176-19 என்பது அதற்கான தரம். தனியாக ஓட்டுகிறவருக்கு நான்கு பட்டை கட்டிவிட ஆள் இருக்காது, உருண்டு போய் நின்றதும் தானே பூட்டிக்கொள்ளும் தரைப்பூட்டு வேண்டும்.

3. யாரோடு போவார்? நீல வண்டியை மறக்காதீர்கள்.

4. எந்தச் சாலை, எந்தப் பட்டறை? லிஃப்ட் பழுதானால் எங்களுக்குக் கப்பல் வேண்டும். உப்புக்காற்றில் மின் இணைப்புகள் சீக்கிரம் அரிக்கும். அங்கே கையால் தள்ளிவிடுகிற சாய்தளம் லிஃப்டை விட நல்லது.

5. கடைசியில் பணம். மாற்றியமைக்கும் செலவையும் சேர்த்து எழுதிய ப்ரோஃபார்மா இன்வாய்ஸ் வாங்குங்கள். கடன் அதைப் பார்த்துத்தான் கணக்காகும். பொருத்திய கருவிகளை இன்ஷூரன்ஸிலும் தனியாகச் சொல்லிச் சேருங்கள். ஆர்.சி.யில் மாற்றம் பதிவாகியிருக்க வேண்டும்.

நம் ஊரில் பலரும் இதைத் தலைகீழாக, ஐந்திலிருந்து தொடங்குகிறார்கள். எந்த வண்டிக்குச் சலுகை உண்டோ அந்த வண்டி, அதற்குள் ஆளை மடக்கி வைப்பது.

வெளிநாட்டிலிருந்து திரும்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "இங்கே ஓட்டுகிற வேனையே கொண்டுவந்துவிடலாமே" என்று நினைக்காதீர்கள். மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட பழைய வண்டிக்கு இந்தியாவில் இறக்குமதி அனுமதி கிடையாது. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், கனடா வண்டியில் அது இடப்பக்கம். லண்டனில் மோட்டபிலிட்டி வண்டி குத்தகை, உங்களுடையதே அல்ல. நாற்காலியைக் கொண்டுவாருங்கள். அதன் அளவுகளை முன்கூட்டியே அனுப்பி, இங்கே மாற்றியமைப்பவரிடம் பேசிவிட்டு டிக்கெட் போடுங்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-வது பிரிவு, தனியாகப் போய்வரச் சலுகைகளும், வண்டியை மாற்றியமைக்க உதவியும் கட்டுப்படியாகும் செலவில் கிடைக்கத் திட்டம் போடச் சொல்கிறது. எழுத்தில் இருக்கிறது. நாற்காலியோடு ஏறி ஓட்டுகிற வண்டிக்கு 4 மீட்டர் கணக்கு பொருந்தாது என்று கேட்க ஆள் வேண்டும். பிரிட்டனில் கேட்டவர்கள் ஓட்டுநர்களே.

உங்கள் வீட்டில் யாராவது நாற்காலியிலிருந்தே ஓட்டுகிறார்கள் என்றால், வண்டியின் பெயரை விட இந்த மூன்றைச் சொல்லுங்கள்: தரை உயரம், வாசல் உயரம், எப்படிப் பூட்டுகிறீர்கள். இங்கே ஒரு தம்பி டேப்பும் கையுமாகக் காத்திருக்கிறார்.